இல்லக் கணினியின் காவலனை மாற்றும்பொழுது

கணினி இன்று நடுத்தரக் குடும்பத்தின் ஏட்டுப் பெட்டியாகவும், நிழற்படப் பேழையாகவும், வங்கிக் கணக்கின் வாயிலாகவும் அமைந்துவிட்டது. ஆதலின், அதனைக் காக்கும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைத் தெரிந்தெடுத்தலும் இல்லறக் கடமைகளுள் ஒன்றாயிற்று. மஹய்யாவையில் எம் அயலவர் ஒருவர் அண்மையில் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்கு ஏதுவாகும். அவர் வீட்டுக் கணினியில் மூன்றாண்டுகள் காவல் புரிந்த மென்பொருளின் உரிமக் காலம் முடிவுற்றது; நாள்தோறும் செந்நிற எச்சரிக்கை தோன்றலாயிற்று. உயர்தர வகுப்பிற் பயிலும் மகளின் பாடக் குறிப்புக்களும், காணி உறுதியின் பிரதியும், காலஞ்சென்ற பாட்டனாரின் நிழற்படங்களும் அக்கணினி ஒன்றிலேயே இருந்தன. கடைக்காரர் ஒருவர், ‘கிராக்’ எனப்படும் உரிமம் உடைக்கப்பட்ட மென்பொருளைச் சில நூறு ரூபாவுக்கு இட்டுத்தர முன்வந்தாராம். “இனி எதைப் போடுவது, சேர்?” என்பது அவர் வினா.

விடை கூறுமுன், காவல் எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதை அறிதல் வேண்டும். வைரஸ் என்பது தன்னைத் தானே படியெடுத்துப் பிற கோப்புக்களிலும் கணினிகளிலும் பரவும் நிரலாகும். 1986 இல் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ என்னும் நிரல், நெகிழ்வட்டுக்கள் வழியாக நாடு பல கடந்து சென்றது. நெகிழ்வட்டு மறைந்தது; அதன் தொழிலைப் பென் டிரைவ் ஏற்றுக்கொண்டது. டியூட் அச்சிடுவதற்காகக் கொமியூனிகேஷன் கடைக்குச் சென்ற பென் டிரைவ், வீடு திரும்பும்போது கோப்புக்களெல்லாம் மறைந்து, அவற்றின் இடத்திற் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டும் நிற்கக் கண்டோர் நம்முட் பலர்.

காவல் மென்பொருள் இருவகையாற் பகைவனை இனங்காண்கின்றது. முன்பே அகப்பட்ட வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்து ஒப்புநோக்குதல் ஒன்று; நிரலின் நடத்தையை நோக்கி ஐயுறுதல் மற்றொன்று. ஒரு நிரல் திடீரென நூற்றுக்கணக்கான கோப்புக்களை மறைகுறியாக மாற்றத் தொடங்குமாயின், அதன் பெயர் பட்டியலில் இல்லாவிடினும் அதனைத் தடுத்தல் தகும். எனினும் இவ்விரண்டும் முழுமையுடையன அல்ல. எல்லா வைரஸ்களையும் பிழையின்றிக் கண்டறியும் நிரல் ஒன்றை ஆக்குதல் தருக்க முறையிலேயே இயலாது என்பதை பிரெட் கோயன் என்னும் அமெரிக்க அறிஞர் 1980 களிலேயே நிறுவினார். ஆகவே, நூற்றுக்கு நூறு காவல் எனும் விளம்பரத்தைக் கண்டால் நகைத்துவிட்டு அப்பாற் செல்லலாம்.

இனி, பலரும் எண்ணிப் பாராத ஒன்றைக் கூறுவோம். கோப்பு ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கவும், எந்நிரலையும் நிறுத்தவும் வல்லதாயின் அன்றோ காவல் நடைபெறும்? அதன் பொருட்டு இம்மென்பொருள் இயங்குதளத்தின் கருவறை வரை செல்லும் உரிமை பெறுகின்றது. அவ்வுரிமை பெற்றவன் தவறினால் விளையும் கேட்டை 2024 யூலை 19 ஆம் நாள் உலகு கண்டது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய பிழைபட்ட புதுப்பிப்பு ஒன்றினால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திகைத்தன. அது பெருநிறுவனங்களுக்கான மென்பொருளே. ஆயினும் தத்துவம் ஒன்றே.

அதே ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்று எம் அயலவரின் வினாவுக்கு இன்னும் அணித்தானது. மொஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட கஸ்பர்ஸ்கி நிறுவனம், வைரஸ் ஆராய்ச்சியிற் பெரும் புகழ் வாய்ந்தது. எனினும், ரஷ்ய அரசு அந்நிறுவனத்தைத் தன் கருவியாக்கக் கூடும் எனக் கருதிய அமெரிக்க அரசு, 2024 யூன் மாதத்தில் அதன் மென்பொருளைத் தடைசெய்தது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. யூலை 20 முதல் புதிய விற்பனையும், செப்டெம்பர் 29 முதல் புதுப்பிப்பும் தடைப்பட்டன. செப்டெம்பரில் அமெரிக்கப் பயனர் பலர் தம் கணினியைத் திறந்தபோது, கஸ்பர்ஸ்கி இருந்த இடத்தில் அல்ட்ராஏவி என்னும் கேட்டறியாத மென்பொருள் வீற்றிருந்தது! முன்னரே மின்னஞ்சல் அனுப்பியதாக நிறுவனம் கூறிற்று. ஆயினும், தாம் அழைக்காத காவலன் வீட்டினுள் நிற்பதைக் கண்டோர் கொண்ட வெகுளி பெரிது. அத்தடை நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. எனினும், காவலனைத் தெரியும் உரிமை எத்துணை எளிதிற் கைநழுவும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இலவசம் என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பிராக் நகரில் தோன்றிய அவாஸ்ட் நிறுவனத்தின் இலவசக் காவலை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நம்பினர். பயனர்கள் எவ்வெத் தளங்களைப் பார்த்தனர் என்னும் செய்தியை ஜம்ப்ஷொட் என்னும் துணை நிறுவனம் வாயிலாக அது விற்றுவந்தமை 2020 சனவரியில் வெளியாயிற்று. ஜம்ப்ஷொட் மூடப்பட்டது; 2024 பெப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம் 165 இலட்சம் டொலர் செலுத்துமாறு பணித்தது. உரிமம் உடைக்கப்பட்ட மென்பொருளோ இதனினும் கேடானது. பூட்டை உடைத்தவன் உள்ளே வேறென்ன வைத்தான் என்பதை அறிவார் யார்? திருடனிடம் காவலனை விலைக்கு வாங்குதல் போலும் அது.

அவ்வாறாயின் எதனைத் தெரிவது? 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, மைக்ரோசொஃப்ட் டிஃபென்டர் என்னும் காவல் இயங்குதளத்துடனேயே வருகின்றது. தொடக்க காலத்தில் அது சோதனைகளில் இரங்கத்தக்க நிலையிலேயே இருந்தது. இன்றோ, ஜெர்மனியின் மாக்டெபூர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் என்னும் சோதனைக்கூடம் வழங்கும் 18 புள்ளிகளையும் பன்முறை பெற்றுள்ளது. வேறு காவல் நிறுவப்பட்டால் தானே ஒதுங்கி நிற்பதும், அது நீக்கப்பட்டதும் மீண்டும் எழுவதும் இதன் இயல்பு. சாதாரண இல்லத்துக்கு இதுவே போதும் என்பது எம் துணிபு. விலை கொடுத்து வாங்க விரும்புவோர், ஏவி-டெஸ்ட், இன்ஸ்புரூக் நகரத்து ஏவி-கம்பரட்டிவ்ஸ் ஆகியவற்றின் முடிவுகளை நோக்கித் தெரிந்துகொள்வாராக. 1991 இற் சென்னையிலே தோன்றிய கே7 நிறுவனத்தின் மென்பொருளும் இத்தகையோர் கருதத்தக்கது.

மாற்றும் முறையிலேயே பெரும்பாலோர் இடர்ப்படுகின்றனர். பழையதை நீக்காமற் புதியதை நிறுவினால், இரு காவலரும் ஒருவரையொருவர் ஐயுற்றுக் கணினியை நத்தை போல் ஊர்ந்திடச் செய்வர். எனவே முதலிற் பழையதை முறைப்படி நீக்கி, எச்சம் இருப்பின் அதனை ஆக்கியோர் வழங்கும் நீக்கற் கருவியால் அகற்றி, கணினியை மீளத் தொடக்குதல் வேண்டும். வங்கி அட்டையில் ஆண்டுதோறும் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு இருப்பின் அதனையும் நிறுத்துக. மேலும், செந்நிற எச்சரிக்கை மெய்யானதா என்பதும் ஆராயத்தக்கது. இணைய உலாவியிலே தோன்றும் எச்சரிக்கைகளுட் பல ஏமாற்றுவோர் அனுப்புவன; அவற்றை அழுத்தாது, காவல் மென்பொருளைத் தனியே திறந்து பார்த்தலே தக்கது.

காவலன் விழித்திருப்பினும் சுவர் இடிந்திருந்தால் பயன் யாது? விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. இல்லப் பயனருக்கு மேலும் ஓராண்டு, தனியே பதிவு செய்தாற் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. டிஃபென்டரின் வைரஸ் பட்டியலோ அதிலும் 2028 வரை புதுப்பிக்கப்படும் என்றனர். பட்டியல் புதிது, சுவர் பழையது என்னும் இந்நிலையிலேயே நம் ஊர்க் கணினிகள் பல உள்ளன. விண்டோஸ் 11 ஐ ஏற்க இயலாத பழங்கணினிக்கு விலையில்லா லினக்ஸ் உண்டு.

நம் நாட்டு அரசு முகிலகத்துக்கு 2023 ஓகஸ்டில் நேர்ந்ததை மறத்தல் இயலாது. வழக்கொழிந்த எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளில் இயங்கிய மின்னஞ்சற் சேவையைக் கப்பம் கோரும் நிரல் தாக்கிற்று. ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் அழிந்தன. அக்காலத்துக்கான காப்புப் பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்தின் மடல்களும் அவற்றுள் அடங்கும்.

எம் அயலவர் கடைக்காரரிடம் செல்லவில்லை. ஒரு ஞாயிறு மாலை பழைய மென்பொருளை நீக்கினோம். டிஃபென்டர் தானே எழுந்தது. விண்டோஸ் 10 ஐ விண்டோஸ் 11 ஆக மாற்ற அக்கணினி இடந்தந்தது நற்பேறே. புறத்தே இணைக்கும் வன்தட்டு ஒன்றை வாங்கி, குறிப்புக்களையும் உறுதியையும் நிழற்படங்களையும் அதிற் படியெடுத்தோம். படியெடுத்தவை திறக்கின்றனவா எனப் பார்க்கையில், பாட்டனார் தலதா மாளிகை வாவியோரம் குடையுடன் நிற்கும் படம் திரையில் விரிந்தது. கப்பம் கோரும் நிரல் இணைந்திருக்கும் தட்டையும் தீண்டுமாதலின், வன்தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்தனர். மாதந்தோறும் படியெடுக்கும் பொறுப்பை மகள் ஏற்றுக்கொண்டாள்.