பினாங்கு செயின்ட் ஜார்ஜ் தேவாலயம்: சென்னை தந்த வடிவும் மழை மாற்றிய கூரையும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், பார்குவார் வீதியில் வெண்ணிறத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை ஆங்கிலேயர் கட்டடம் என்றே பலரும் எண்ணுவர். அது முழு உண்மை அன்று. அதன் வடிவம் சென்னையிலிருந்து வந்தது.

சென்னையில் 1815இல் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை வரைந்தவர் ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் படைப் பொறியாளர். ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் ஐயர் வேறு. அவர் 1838இல்தான் சென்னைக்கு வந்தார். அக்கோயிலை முன்மாதிரியாகக் கொண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் ராபர்ட் ஸ்மித் பினாங்கில் பணியை நடத்தினார். 1818இல் வேலை முடிந்தது. 1819 மே 11ஆம் நாள் கல்கத்தா பேராயர் மிடில்டன் அதனைப் பிரதிஷ்டை செய்துவைத்தார்.

செங்கல்லும் சாந்தும் சுமந்தவர் யாவர்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பெற்ற தண்டனைக் கைதிகள். பொறியாளர் பெயரும் பேராயர் பெயரும் நிலைத்தன. இவர்கள் பெயரை எடுத்துரைப்பார் இலர்.

இக்கட்டடத்தில் நாம் சிறப்பாக நோக்கத்தக்கது கூரை. சென்னை வீடுகளில் தட்டையான மேல்தளம் நெடுநாள் பழக்கம். மரக்கட்டைகளை நெருக்கிப் பரப்பி, அவற்றின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்திட்டு இறுக்குவர். சில திங்களே மழை பெய்து, எஞ்சிய நாளெல்லாம் வெயில் காயும் ஊருக்கு அது பொருந்தும். பினாங்குத் தேவாலயமும் முதலில் தட்டைக் கூரையோடுதான் எழுந்தது. ஆனால் பினாங்கில் மழையில்லாத திங்கள் அரிது. தட்டைத் தளத்தில் நீர் எளிதில் வடியாது. தேங்கிய நீர் சிறு வெடிப்பு வழியே உள்ளிறங்கும். அக்கூரை அவ்வூருக்கு ஒவ்வாதென உணர்ந்து, 1864இல் அதனை நீக்கி இருபுறமும் சரிந்த கூரை அமைத்தனர்.

இடத்தின் வானிலையே கட்டடத்தின் வடிவை வகுக்க வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டில் வெப்பநாட்டு நவீனக் கட்டடக் கலைஞர் வலியுறுத்தினர். அந்தப் பாடத்தைப் பினாங்கு மழை அதற்கு முன்னரே கற்பித்துவிட்டது.

1941 டிசம்பரில் ஜப்பானியர் குண்டுவீச்சில் தேவாலயம் சேதமுற்றது. 1948இல் வழிபாடு மீண்டும் தொடங்கிற்று. 2007இல் மலேசிய அரசு இதனைத் தேசிய மரபுச் சின்னமாக அறிவித்தது.

மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் தூண்களைக் காட்டுவதோடு அமையாது, கூரையையும் காட்டுவாராக. வந்த வடிவம் எது, இடம் கேட்ட மாற்றம் எது, உழைத்த கை யாருடையது என்ற மூன்று வினாக்களுக்கும் அக்கட்டடமே விடை கூறும்.