டெங்குத் தீநுண்மம் உயிரணுவைத் தொற்றும் முறை

டெங்குத் தீநுண்மம் (டெங்கு வைரஸ்) என்பது ஏடிசு இனக் கொசுக்களால் மனிதருக்குப் பரப்பப்பட்டு, டெங்குக் காய்ச்சலை உண்டாக்கும் ஒரு தீநுண்மம் ஆகும். மஞ்சள் காய்ச்சல், சிக்கா, மேற்கு நைல் காய்ச்சல், சப்பானிய மூளையழற்சி ஆகியவற்றை உண்டாக்கும் தீநுண்மங்களும் இது சார்ந்த பிளேவிவிரிடீ குடும்பத்தைச் சேர்ந்தவையே. பிற தீநுண்மங்களைப் போலவே இதுவும் தானாகப் பெருக இயலாதது. உயிருள்ள உயிரணு ஒன்றினுள் நுழைந்து, அதன் புரத உற்பத்தி அமைப்பைப் பயன்படுத்தியே தன் படிகளை உருவாக்குகிறது.

அமைப்பு

டெங்குத் தீநுண்மம் ஏறத்தாழ 50 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டை வடிவத் துகள் ஆகும். இத்தகைய 20,000 துகள்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீட்டர் நீளமே கிடைக்கும். துகளின் நடுவில் ஓரிழை ஆர்.என்.ஏ. உள்ளது. இது ஏறத்தாழ 10,700 நியூக்கிளியோட்டைடுகளைக் கொண்டது. உள்ளகப் புரதம் இதனைச் சூழ்ந்துள்ளது. அதற்கு வெளியே கொழுப்புப் படலமும், அப்படலத்தில் பதிந்த உறைப் புரதம், மென்படலப் புரதம் ஆகியனவும் உள்ளன. முதிர்ந்த துகளில் 180 உறைப் புரத மூலக்கூறுகள் இவ்விரண்டாக இணைந்து, மேற்பரப்பில் படுக்கைவாட்டில் அமைந்துள்ளன. இவ்வமைப்பை அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

டெங்கு-1 முதல் டெங்கு-4 வரை இத்தீநுண்மத்தில் நான்கு வகைகள் உள்ளன.

கொசுவின் உடலில்

குருதி உறிஞ்சுபவை பெண் கொசுக்கள் மட்டுமே. நோயுற்றவரின் குருதியுடன் செல்லும் தீநுண்மம் முதலில் கொசுவின் நடுக்குடல் உயிரணுக்களைத் தொற்றிப் பெருகுகிறது. பின்னர் உடற்குழியினூடாகப் பரவி உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைகிறது. இதற்குப் பொதுவாக 8 முதல் 12 நாட்கள் ஆகும். அதன்பின் அக்கொசு தன் வாழ்நாள் முழுவதும் நோயைப் பரப்ப வல்லது.

மனித உயிரணுவினுள் நுழைதல்

கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் தீநுண்மம் தோலினுள் செலுத்தப்படுகிறது. அங்கு முதலில் தாக்கப்படுபவற்றுள் கிளையி உயிரணுக்களும் பெருவிழுங்கிகளும் முதன்மையானவை. இவை நோய்க்கிருமிகளைப் பிடித்து அழிக்கும் காவல் உயிரணுக்கள் ஆகும். காவலரையே வாகனமாகக் கொண்டு தீநுண்மம் நிணநீர்க் கணுக்களுக்கும், அங்கிருந்து குருதிக்கும் செல்கிறது.

நுழைவு பின்வரும் படிகளில் நிகழ்கிறது:

1. ஒட்டுதல்: உறைப் புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளுடன் பிணைகிறது. டெங்குவுக்கு ஒரே ஒரு ஏற்பி மட்டும் இல்லை. உயிரணுவின் வகைக்கேற்பப் பல மூலக்கூறுகள் இப்பணியைச் செய்கின்றன.

2. விழுங்கப்படுதல்: உயிரணுவின் மென்படலம் உட்குழிந்து, துகளை ஒரு சிறு குமிழுக்குள் அடைத்து உள்ளிழுக்கிறது. கிளாத்ரின் என்னும் புரதம் இக்குமிழைப் புறத்தே சூழ்ந்து உருவாக்குகிறது.

3. படல இணைவு: குமிழ் உள்நோக்கி நகரும்போது, அதனுள் ஐதரசன் அயனிகள் செலுத்தப்பட்டு அமிலத்தன்மை கூடுகிறது. இம்மாற்றத்தால் உறைப் புரத இணைகள் பிரிந்து, மும்மூன்றாக இணைந்து நிமிர்கின்றன. அவற்றின் நுனி குமிழின் படலத்தில் பதிகிறது. பின் புரதம் மடிந்து, தீநுண்மத்தின் படலத்தையும் குமிழின் படலத்தையும் ஒன்றாக இழுத்து இணைக்கிறது.

4. வெளியேறுதல்: இணைந்த படலங்களில் உண்டாகும் துளை வழியே ஆர்.என்.ஏ. உயிரணுவின் குழியமுதலுருவை அடைகிறது.

விழுங்கியதைச் செரிப்பதற்காக உயிரணு உண்டாக்கும் அமிலத்தன்மையே தீநுண்மத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

பெருக்கம்

டெங்குவின் ஆர்.என்.ஏ. நேர்வகையைச் சார்ந்தது. அதாவது, உயிரணுவின் ரைபோசோம்கள் அதனை நேரடியாகப் படித்துப் புரதம் தயாரிக்க இயலும். இவ்வாறு முதலில் ஏறத்தாழ 3,400 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே நீண்ட புரதம் உருவாகிறது. இது தீநுண்மத்தின் நொதியாலும் உயிரணுவின் நொதிகளாலும் வெட்டப்பட்டுப் பத்துப் புரதங்களாகிறது. அவற்றுள் மூன்று துகளின் கட்டமைப்புக்கு உரியவை. ஏனைய ஏழும் பெருக்கத்துக்கும் எதிர்ப்பாற்றலை முடக்குவதற்கும் உதவுபவை.

என்.எஸ்.5 என்னும் புரதம் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. இப்பணி அகக்கலவுருச் சிறுவலையின் மடிப்புகளில் உண்டாகும் சிறு பைகளுக்குள் நடைபெறுவதால், உயிரணுவின் கண்காணிப்புப் புரதங்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை. மேலும், அண்டை உயிரணுக்களை எச்சரிக்கும் இன்டர்பெரான் சமிக்ஞையையும் என்.எஸ்.5 தடுக்கிறது.

புதிய துகள்கள் சிறுவலையில் உருவாகி, கொல்கி உறுப்பினூடாக வெளிநோக்கிச் செல்கின்றன. வழியிலுள்ள அமிலத்தன்மையால் உரிய காலத்துக்கு முன்பே படல இணைவு நிகழாதபடி, முன்னோடி மென்படலப் புரதம் உறைப் புரதத்தின் நுனியை மூடி வைத்திருக்கிறது. பியூரின் என்னும் மனித நொதி அம்மூடியை வெட்டுகிறது. துகள் உயிரணுவை விட்டு வெளியேறியதும் மூடி கழன்று விழுந்து, துகள் தொற்றும் ஆற்றலைப் பெறுகிறது.

தொற்றுற்ற உயிரணுக்கள் என்.எஸ்.1 என்னும் புரதத்தைக் குருதியில் வெளியிடுகின்றன. காய்ச்சலின் முதல் நாட்களில் செய்யப்படும் குருதிச் சோதனை இப்புரதத்தையே கண்டறிகிறது. நுண்குருதிக் குழாய்களின் உட்சுவரைப் பாதித்து, நீர்மக் கசிவுக்கு வழிசெய்வதிலும் இதற்குப் பங்குண்டு.

இரண்டாம் தொற்றின் ஆபத்து

ஒரு வகை டெங்குவால் பாதிக்கப்பட்டவருக்கு அவ்வகைக்கு எதிராக நீண்டகால எதிர்ப்பாற்றல் கிட்டும். பின்னர் வேறொரு வகை தொற்றினால், பழைய பிறபொருளெதிரிகள் புதிய துகளுடன் பிணைந்தாலும் அதனைச் செயலிழக்கச் செய்யப் போதுமானவையாக இருப்பதில்லை. பெருவிழுங்கிகளோ பிறபொருளெதிரி ஒட்டிய எதனையும் தம் ஏற்பிகளால் பிடித்து விழுங்கும் இயல்புடையவை. இதனால் தீநுண்மம் மேலும் எளிதாக அவ்வுயிரணுக்களுள் நுழைகிறது. இது பிறபொருளெதிரி சார்ந்த தொற்று மிகுதல் எனப்படுகிறது. அமெரிக்க மருத்துவர் இசுகாட் ஆல்சுடெட் இக்கருத்தை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர்.

கியூபாவின் அனுபவம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கு 1977 இல் டெங்கு-1 பரவியது. பெரும்பாலோர் இலேசான காய்ச்சலுடன் தப்பினர். 1981 இல் டெங்கு-2 பரவியபோது 3,44,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 158 பேர் இறந்தனர். 1997 இல் சாண்டியாகோ டி கியூபா நகரில் மீண்டும் டெங்கு-2 பரவியபோது, கடும் நோய்க்கு ஆளானவர்கள் ஏறத்தாழ அனைவரும் பெரியவர்களே. டெங்கு-1 பரவிய காலத்துக்குப் பின் பிறந்த சிறுவர்களுக்குப் பழைய பிறபொருளெதிரிகள் இருக்கவில்லை.

தடுப்பூசி உருவாக்கம் கடினமாக இருப்பதற்கும் இதுவே முதன்மைக் காரணம். பிலிப்பீன்சில் 2016 முதல் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறுவர்களுக்கு டெங்வாக்சியா தடுப்பூசி போடப்பட்டது. முன்பு டெங்குத் தொற்றே ஏற்படாதவர்களுக்கு இது பின்னாளில் கடும் நோய் வாய்ப்பைக் கூட்டக்கூடும் என 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. அத்தகையோருக்குத் தடுப்பூசி ஒரு முதல் தொற்றைப் போலச் செயற்பட்டது என்பதே பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். எனவே 2018 இல் உலக சுகாதார அமைப்பு, முந்தைய தொற்றைச் சோதனையால் உறுதிசெய்த பின்னரே இதனைப் போடுமாறு பரிந்துரைத்தது.

மருத்துவமும் தடுப்பும்

டெங்குவை நேரடியாக அழிக்கும் மருந்து எதுவும் பொதுப் பயன்பாட்டில் இல்லை. உடலின் நீர்ம அளவைப் பேணுதலே சிகிச்சையின் அடிப்படை. ஆசுப்பிரின், ஐபுப்ரோபென் ஆகியவை குருதிக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகின்றன. காய்ச்சல் தணியும் வேளையிலேயே நீர்மக் கசிவு தொடங்கக்கூடும். அப்போது கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, குருதிப்போக்கு, மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் உடனடி மருத்துவ உதவி தேவை.

ஏடிசு கொசுக்கள் வீட்டைச் சுற்றித் தேங்கும் நன்னீரில் முட்டையிடுவதால், நீர்க்கலன்களை மூடி வைப்பதும் வாரந்தோறும் கழுவுவதும் இன்றியமையாதவை. உவோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவைக் கொண்ட கொசுக்களில் டெங்குத் தீநுண்மம் எளிதில் பெருகுவதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இத்தகைய கொசுக்களை விடுவித்து நடத்தப்பட்ட ஆய்வில் டெங்கு நோய் 77 விழுக்காடு குறைந்ததாக 2021 இல் வெளியான முடிவுகள் காட்டின.