கரடுமுரடான நிலத்தில் ஒரு கல்லூரி வண்டி

கல்லும் மேடும் மணலும் சேறும் நிறைந்த நிலத்தில் நான்கு மணி நேரம் ஓடத்தக்க ஒரு வண்டியைக் கல்லூரி மாணவர் தாமே திட்டமிட்டு, தாமே ஆக்கி, தாமே ஓட்டிக் காட்டவேண்டும். இத்தகைய போட்டி ஒன்று 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென் கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் நடத்தும் இப்போட்டிக்குப் 'பாஹா' என்று பெயர். மெக்சிக்கோ நாட்டிலே பாலைநிலம் மிகுந்த ஒரு தீபகற்பத்தின் பெயர் அது. நம் அயல்நாடாகிய இந்தியாவிலும் 2007ஆம் ஆண்டில் இப்போட்டி தொடங்கியது; மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் பல முறை நடைபெற்றுள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழும் நாம் இதிலிருந்து அறியத்தக்கது யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

போட்டியின் முதல் விதி மிக எளியது. எல்லாக் குழுவினருக்கும் ஒரே வகை எஞ்சின். பல ஆண்டுகளாக அது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தாரின் 10 குதிரைவலு எஞ்சினாக இருந்தது. சிறு மோட்டார்ச் சைக்கிள் ஒன்றின் வலுவுக்கு அது பெரிதும் மேற்பட்டதன்று. அதனைத் திறந்து மாற்றியமைத்து வலுவைக் கூட்டுதல் கூடாது. பணம் மிகுந்த கல்லூரி பெரிய எஞ்சினை வாங்கி வென்றுவிட முடியாது என்பது இதனாற் பெறப்படும். வலு எல்லோர்க்கும் சமம். அதனைப் பயன்படுத்தும் அறிவில்தான் வேற்றுமை.

அவ்வறிவு எவ்வாறு தொழிற்படுகிறது? அலவாங்கினாற் பாறைக்கல்லைப் புரட்டும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய கை நெடுந்தூரம் அசைகிறது. கல்லோ சிறிதே அசைகிறது. ஆயினும் கையின் விசை கல்லிடத்திற் பன்மடங்காகிறது. பற்சக்கரங்கள் செய்வதும் இதுவே. எஞ்சின் பல முறை சுழலச் சில்லு ஒரு முறை சுழலுமாயின், வேகம் குறையும். தள்ளும் விசை பெருகும். மேட்டில் ஏறுவதற்கு விசை வேண்டும். சமநிலத்தில் ஓடுவதற்கு வேகம் வேண்டும். இரண்டையும் ஒருங்கே மிகுதியாகப் பெற இயலாது. எந்த இடத்தில் எதனை விட்டு எதனைக் கொள்வது என்று கணக்கிடுவதே மாணவரின் முதல் வேலை.

இரண்டாவது, உயிர்க்காப்பு. வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காதவாறு அவரைச் சுற்றி உருக்குக் குழாய்களாலான கூடு அமைக்கவேண்டும். அக்குழாயின் வெளிவிட்டம் 25 மில்லிமீற்றர், சுவரின் தடிப்பு 3 மில்லிமீற்றர், உருக்கிலுள்ள கரி குறைந்தது நூற்றுக்கு 0.18 என்று விதி கூறுகிறது. அன்றேல், வளைவை அதற்கு ஈடாகத் தாங்கும் வேறு குழாய் வேண்டும். உள்ளீடற்ற குழாய் ஏன்? ஒரே நிறையுள்ள திண்ணிய கம்பியையும் குழாயையும் ஒப்பிட்டால், உலோகம் நடுவிலிருந்து விலகி நிற்பதனாற் குழாயே எளிதில் வளையாது. மூங்கிலின் வலிமைக்கும் இதுவே காரணம். ஒட்டுவேலை செம்மையாக இல்லாவிடின் இக்கணக்கெல்லாம் வீணாகும். ஆதலின் வண்டி களத்தில் இறங்குமுன் நடுவர்கள் ஒட்டுகளையும் பிறேக்கையும் சோதிக்கிறார்கள்.

இனி நம் குடாநாட்டுக்கு வருவோம். 1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின் இங்கு எரிபொருள் வருவது தடைப்பட்டது. பெற்றோல் அருமையிலும் அருமையாயிற்று. மின்சாரமும் இல்லை. சைக்கிளின் மிதியைச் சுற்றி, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்னாற் செய்தி கேட்டவர் பலர். அந்நாளில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெய் பொறிபட்டும் பற்றாது. எனவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயைச் செலுத்தினர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீரிறைத்த மண்ணெண்ணெய் இயந்திரங்களில் இம்முறை முன்னரே கைகண்டதாகும். அன்றியும், மண்ணெண்ணெய்க் கலவையை மிகுதியாக அமுக்கினாற் பொறியினாற் பற்றிய தீ வந்து சேருமுன்னரே அதன் ஒரு பகுதி தானே வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். பழைய கார்களில் அமுக்கம் பெரும்பாலும் 7 அல்லது 8 மடங்கே. ஆகவே அவை தாங்கின. 10 மடங்குக்கு அமுக்கும் புதிய கார்கள் தாங்கமாட்டா. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும் என்பதனால் அவ்வெண்ணெயை அடிக்கடி மாற்றவும் வேண்டியிருந்தது.

எல்லை வகுக்கப்பட்ட இடத்தில் அறிவு கூர்மையடைகிறது என்பதற்குப் போட்டிக்களமும் நம் கராச்சுகளும் ஒருங்கே சான்று. ஆனால் ஒரு வேற்றுமையை மறத்தல் ஆகாது. போட்டியில் எல்லையை வகுப்பது விதி. நமக்கு வகுத்தது துன்பம். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய வண்டி அது. தோற்றால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று அமைதிகொள்ள இயலாது. அத்துன்பத்தைப் புகழ்தல் வேண்டா; அதனிடையே தோன்றிய அறிவைப் போற்றுவோம்.

அவ்வறிவு இன்று எங்கே இருக்கிறது? முதிர்ந்த மெக்கானிக்குகளின் கையிலும் நினைவிலும் இருக்கிறது. ஏட்டில் மிகக் குறைவு. போட்டி இவ்விடத்தில் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. அங்கே வண்டி ஓடினால் மட்டும் போதாது. ஒவ்வோர் உறுப்பும் ஏன் அந்த அளவில் அமைந்தது என்று நடுவர்முன் காரணம் கூறவேண்டும். செலவுக் கணக்கை எழுதிக் கொடுக்கவேண்டும். ஆண்டுக்கு 4000 வண்டிகள் ஆக்கும் ஒரு நிறுவனத்துக்கு மாதிரி வண்டி சமைப்பதாகக் கருதியே விதிகள் அமைந்துள்ளன. ஒருவர் செய்ததை அவர் இல்லாத காலத்தில் இன்னொருவர் செய்வதற்கு உதவுவது எழுத்தே.

ஆனையிறவுக்கு அப்பால், கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் தொடங்கிற்று. அங்கும் நம் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் பயிலும் இளைஞர் இத்தகைய வண்டி ஒன்றை ஆக்க முற்படுவாராயின், நூலகத்துக்குச் செல்வது போலவே தம் ஊர்க் கராச்சுக்கும் செல்வாராக. அங்குள்ள பெரியவரிடம், "ஐயா, இதனை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டு, அவர் கூறும் விடையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாராக. கணக்கு அறிந்தவர் ஒருபுறமும் கைவேலை அறிந்தவர் மறுபுறமுமாக நிற்கும் வரை இரண்டும் குறையே. அவர்கள் ஒரே வண்டியின் இரு பக்கத்திலும் நின்று வேலை செய்யும் நாளில், வெற்றிக் கிண்ணம் கிடைப்பினும் கிடையாவிடினும், குடாநாட்டுக்கு ஆகவேண்டிய வேலை ஆகிவிடும்.