குலுக்கல் வேண்டாம், தார்ப்பாய் கொடுங்கள்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் மூட்டை ஏற்றிப் போனவர்களுக்கு மழை மேகத்தைக் கண்டால் வயிறு கலங்கும். கூடத்துக்குள் இடம் பிடித்தவர் தப்பித்தார். வெளியே அடுக்கியவர் தார்ப்பாய் தேடி ஓடுவார். அதே விவசாயியின் வீட்டுப் பரணில் பார்த்தால் உரக்கடையில் கொடுத்த டார்ச் லைட், பூச்சிமருந்து கம்பெனி கொடுத்த டி-சர்ட், மாட்டுத்தீவனம் வாங்கியதற்குக் கிடைத்த பிளாஸ்டிக் குடம் எல்லாம் இருக்கும். தேவைப்பட்ட ஒன்று மட்டும் இருக்காது.

செஞ்சி, மேல்மலையனூர் பக்கம் மட்டுமல்ல, மாநிலம் முழுக்கவே உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் இடுபொருள் கடை நடத்துகின்றன. உறுப்பினர்களின் விளைபொருளையும் வாங்குகின்றன. பங்குத்தொகை கட்டிய உறுப்பினரே தனியார் கடைக்குப் போய்விடுகிறார் என்பதுதான் பல கம்பெனிகளின் கவலை. தனியார் கடைக்காரர் கடன் தருகிறார், கூடவே ஒரு பரிசும் தருகிறார். ‘நாமும் ஏதாவது கொடுத்தால்தான் ஆட்கள் நிற்பார்கள்’ என்ற பேச்சு இயக்குநர் கூட்டங்களில் எழுவது இயல்பு. கொடுக்கலாம், தவறில்லை. எதற்குக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்கிறோம், எப்படிக் கணக்கு வைக்கிறோம் என்பதில்தான் கம்பெனியின் பணம் நிற்பதும் கரைவதும் இருக்கிறது.

முதலில் சட்டம். நூறு பேர் வாங்கினால் ஒருவருக்கு பைக் என்று கூப்பன் போட்டுக் குலுக்குவது தமிழ்நாட்டில் முடியாது. தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் 1979 முதல் இருக்கிறது. பொருள் வாங்கியவர்களில் இருந்து குலுக்கல் முறையில் ஆள் தேர்ந்து பரிசு தருவதை அது தடை செய்கிறது. ‘இந்தச் சலுகை தமிழ்நாட்டில் செல்லாது’ என்று பெரிய கம்பெனிகளின் பரிசு விளம்பரங்களில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்களே, காரணம் இதுதான். உத்தரப் பிரதேசத்தில் மண்டிக்கு விளைபொருள் கொண்டுவந்த விவசாயிகளுக்குக் குலுக்கல் நடத்தி டிராக்டர் வரை பரிசு தரும் அரசுத் திட்டம் உண்டு. அதைக் கேள்விப்பட்டு இங்கே யாரும் அப்படியே செய்யக் கிளம்பிவிட வேண்டாம். ஒரு அளவு வைத்து, அந்த அளவை எட்டிய எல்லோருக்கும் நிச்சயமாகக் கொடுப்பதே இங்கு பாதுகாப்பான வழி.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ம் இதில் கண் வைத்திருக்கிறது. கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பது, விலையில் ஏற்றி வாங்கிவிட்டு இலவசம் என்று காட்டுவது, திட்டம் முடிந்தபின் முடிவைத் தெரிவிக்காமல் மறைப்பது எல்லாம் அதன்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

அடுத்தது, எதற்குப் பரிசு. கடையில் வாங்கிய தொகைக்குப் புள்ளி என்று வைப்பது எளிது. கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுவிடும். ஆனால் உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் புள்ளி வைத்தால் என்ன ஆகும்? இன்னும் 2 மூட்டை வாங்கினால் குடம் கிடைக்கும் என்று தேவையில்லாத யூரியா வயலுக்குப் போகும். தழைச்சத்து கூடிய நெல்லில் புகையான் பெருகும். அதற்கு மருந்து வாங்கினால் மறுபடி புள்ளி. சில பைரித்ராய்டு மருந்துகளை அடித்தால் இயற்கை எதிரிகள் செத்து, புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும் என்பதை வேளாண் அலுவலர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அந்தப் பரிசுக் குடத்தின் விலையை விவசாயி மகசூலில் கட்டுகிறார். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று அரசு விலை கட்டியிருக்கிறது. அதில் பரிசு கொடுக்கும் அளவுக்கு லாபமும் கிடையாது. இந்த இரண்டையும் புள்ளிக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடுவதே நல்லது.

வாங்குவதற்குப் பதில் கொண்டுவருவதற்குக் கொடுங்கள். உறுப்பினர் கம்பெனிக்கு எத்தனை மூட்டை நெல், எத்தனை மூட்டை மணிலா கொடுத்தார் என்பதை வைத்துக் கொடுத்தால் வரத்தும் கூடும், விசுவாசமும் தெரியும். இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கென உள்ள பகுதிப்படி, உறுப்பினர் கொடுத்த விளைபொருளின் விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, பின்னால் அவர் கொடுத்த அளவுக்கு ஏற்பப் பணமாகவோ, பொருளாகவோ, பங்காகவோ கொடுக்கலாம். கம்பெனியின் விதிமுறைகளில் அதற்கு வழி இருக்க வேண்டும். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க புதுமையாகத் தெரிந்தாலும் இது பழைய கூட்டுறவு வழிதான். இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளர்கள் 1844-ல் கடை திறந்தபோது, அவரவர் வாங்கிய அளவுக்கு லாபத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பால் சங்கங்கள் ஊற்றிய பாலுக்கு ஏற்ப போனஸ் கொடுப்பதும் அதே கணக்கு.

ஒரு உதாரணம். 300 உறுப்பினர்கள், ஆளுக்கு 60 மூட்டை நெல், மூட்டைக்கு 10 ரூபாய் நிறுத்திவைக்கிறீர்கள் என்று வையுங்கள். மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம். ஆளுக்கு 600 ரூபாய். இதைத் துண்டு, தட்டு என்று சிதறவிட்டால் யாருக்கும் நினைவில் நிற்காது. ஒரே பொருளாக, எல்லோருக்கும் உதவும் பொருளாக இருக்க வேண்டும். செஞ்சி வட்டாரத்துக்கு அது தார்ப்பாய் என்பது என் கருத்து. அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காயவைத்த மணிலாவில் 8 சதவீதத்துக்கு மேல் ஈரம் நின்றால் பூஞ்சை ஏறி அஃப்ளடாக்சின் நஞ்சு உண்டாக வழி பிறக்கும். காயவைக்கவும் மூடிவைக்கவும் ஒரே தார்ப்பாய் போதும். 600 ரூபாய்க்குள் கிடைக்கும் சிறிய அளவை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பெரிய அளவு வேண்டுபவரிடம் மீதித் தொகை வாங்கிக்கொள்ளலாம்.

தார்ப்பாயில் ஏமாற்றுவது எளிது. ஓரத்தில் 200 ஜி.எஸ்.எம். என்று அச்சடித்திருக்கும், உள்ளே 120 கூட இருக்காது. ஐ.எஸ். 7903 தர எண் உள்ளதைக் கேளுங்கள். அதோடு நிற்காமல் தராசில் போடுங்கள். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதுதான். 18-க்கு 30 அடி தார்ப்பாய் ஏறக்குறைய 50 சதுர மீட்டர். 200 ஜி.எஸ்.எம். என்றால் சுமார் 10 கிலோ இருக்க வேண்டும். 12-க்கு 18 அடி என்றால் 4 கிலோ. சரக்கு இறங்கும்போதே நாலைந்தை எடுத்து எடை போட்டு, குறைந்தால் அதே வண்டியில் திருப்பி அனுப்புவோம் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

பேட்டரி தெளிப்பான் ஆசை பலருக்கு உண்டு. பேட்டரி போனால் மாற்ற, நாசில் அடைத்தால் வாங்க செஞ்சியிலோ திண்டிவனத்திலோ கடை இருக்கிறதா என்று பார்த்த பிறகு யோசியுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அது கம்பெனிக்குக் கெட்ட பெயராகத் திரும்பும். விதை, பூச்சிமருந்து இரண்டையும் பரிசாக வைக்கவே கூடாது. சான்று விதைக்கு முதலில் 9 மாதம்தான் காலக்கெடு. இரண்டுக்கும் உரிமம், காலாவதி என்று தொல்லை. தாது உப்புக் கலவை நல்ல பொருள்தான், ஆனால் ஈரம் பட்டால் கட்டியாகும்.

பொருளை வாங்கிவைப்பதில்தான் கம்பெனிகள் சறுக்குகின்றன. ராஜகிரிக் கோட்டை அடிவாரத்துக் களஞ்சியத்தைப் பாருங்கள், கனத்த சுவரும் வளைவுக் கூரையுமாக. நம் கம்பெனிகளுக்கு அப்படிக் கிடங்கு கிடையாது; தார்ப்பாய்க் கட்டுகளை உர மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் போட்டால் எலி கடித்து நாலில் ஒன்று ஓட்டையாகும். மரப்பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்க வேண்டும். 300 உறுப்பினர் என்பதற்காக 300-ம் ஒரே தடவையில் வாங்க வேண்டாம். தகுதி பெற்றவர் பட்டியலை ஆடியில் ஒட்டி, ஆவணி முழுக்க ஆட்சேபம் கேட்டு, யாருக்கு எந்த அளவு என்று எழுதி வாங்கிய பிறகு ஆர்டர் போடுங்கள். புரட்டாசி முடிவதற்குள் கைக்குப் போய்விட வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியபின் கொடுக்கும் தார்ப்பாய் அந்த வருடத்துக்குப் பாதி வீண்.

கணக்கில் இரண்டு விஷயம். பரிசாகக் கொடுக்கும் பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. அதையும் அடக்க விலையில் சேருங்கள். உறுப்பினரின் சொந்தப் பணத்தில், நிறுத்திவைத்த விலைக்கு ஈடாகக் கொடுக்கும் பொருளும் பரிசும் வரியில் ஒன்றாகக் கருதப்படுமா என்பதை ஆடிட்டர் சொல்லட்டும். இன்னொன்று, கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கும்வரை அது கம்பெனியின் கடன். லாபம் என்று நினைத்துச் செலவழித்தால் அடுத்த வருடம் கை பிசைய வேண்டிவரும்.

டீலர்களுக்குக் கம்பெனிகள் தரும் பரிசு தனிக் கதை. தங்க நாணயம், வெளிநாட்டுப் பயணம் என்று போகிறது. ஒரு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிக் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்பது 2022 ஜூலை 1 முதல் நடைமுறை. ஒரே பிராண்டைக் கடைக்காரர் விடாமல் கையில் திணித்தால், அந்தப் பாட்டிலுக்கு இந்த மாதம் என்ன டார்கெட் என்று சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். யூரியாவோடு வேறு பொருளையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்தில் பில்லோடு புகார் கொடுக்கலாம்.

கிடங்கும் ஆளும் இல்லாத சிறிய கம்பெனி பணமாகவே கொடுத்துவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றுவோருக்கு அரசு 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. அதற்கு எந்தக் கிடங்கும் தேவைப்படவில்லை.

பொருளாகத்தான் என்று முடிவு செய்தால், வழங்கும் நாளன்று மூன்று பத்தி போட்ட ஒரு நோட்டு போதும்: கொடுத்த மூட்டை, பெற்ற பொருள், கையெழுத்து. கணவர் பெயரில் பங்கு, மனைவி வந்து வாங்கினார் என்றால் அதையும் எழுதுங்கள். நூறுக்கு 3 தார்ப்பாய் மாற்றுக்காகத் தனியே இருக்கட்டும். பிரித்துப் பார்த்து ஓட்டை என்று திரும்பி வருபவரிடம் வாதாடாமல் அங்கேயே மாற்றிக் கொடுத்து, பழையதைச் சப்ளையர் கணக்கில் எழுதிவிடலாம்.