கம்ப்யூட்டர் கணக்கை நம்பி மோசம் போனார்கள்! 28 கேன்சர் நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர் வீச்சு

நோயைத் தீர்க்க வேண்டிய கதிர், ஆளையே தீர்த்து விட்டது!

மத்திய அமெரிக்காவில் உள்ள பனாமா நாட்டின் தலைநகரம் பனாமா சிட்டி. அங்குள்ள தேசிய புற்று நோய் ஆஸ்பத்திரியில் 2000-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கி 2001-ம் ஆண்டு மார்ச் மாதம் வரை, 28 நோயாளிகள் அளவு மீறிய கதிர் வீச்சுக்கு ஆளானார்கள்.

மெஷின் கெட்டுப் போகவில்லை. கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த கணக்குதான் தப்பு. அதை யாரும் சரி பார்க்கவில்லை!

5-வது கட்டி

அது கோபால்ட் மெஷின். உள்ளே இருக்கும் கோபால்ட் எந்நேரமும் கதிரை வீசிக் கொண்டே இருக்கும். மெஷினின் வாசல் திறந்திருக்கும் நேரம்தான் மருந்தின் அளவு. நேரம் கூடினால் நல்ல சதையும் வெந்து போகும். குறைந்தால் புற்று சாகாது.

அந்த நேரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வது, 'டிரீட்மெண்ட் பிளானிங்' என்ற கம்ப்யூட்டர். கதிர் படக் கூடாத இடங்களை மறைக்க உலோகத் தடுப்புக் கட்டிகளை வைப்பார்கள். அவற்றின் வடிவத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்து காட்ட வேண்டும்.

பனாமாவில் இருந்த கம்ப்யூட்டரில் 4 கட்டிகளுக்குத்தான் இடம் உண்டு. இடுப்புப் பகுதி சிகிச்சைக்கு 5-வது கட்டியும் வேண்டும் என்று ஆனது. என்ன செய்வது? கணக்குப் போடும் பிசிசிஸ்டுகள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். பல கட்டிகளைச் சேர்த்து, ஒரே கட்டி போல வரைந்து கொடுத்தார்கள்.

கம்ப்யூட்டரும் மறுப்புச் சொல்லாமல் வாங்கிக் கொண்டது. எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் கோடு வரைந்த விதத்தைப் பொறுத்து சிலருக்குக் கணக்கு புரண்டு விட்டது. நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை போனது!

நிற்காத பேதி

2000-ம் ஆண்டு நவம்பர் மாதம். சிகிச்சை பெற்ற சிலருக்கு பேதி நிற்கவே இல்லை. டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. டிசம்பரில் மேலும் பலருக்கு அதே கோளாறு. காரணம் தெரியவில்லை. சிகிச்சையும் நிற்கவில்லை. மார்ச் மாதம்தான் குட்டு உடைந்தது.

மே மாதம் பனாமா அரசாங்கம் சர்வதேச அணு சக்தி நிறுவனத்தின் உதவியைக் கேட்டது. நிபுணர்கள் விரைந்து வந்தார்கள். அதற்குள் 8 பேர் இறந்து விட்டார்கள். அவர்களில் 5 பேரின் சாவுக்குக் கதிர் வீச்சே காரணமாக இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். உயிரோடு இருந்த 20 பேரிலும் முக்கால்வாசிப் பேருக்குக் கடுமையான கோளாறுகள் வரும் என்றார்கள்.

2004-ம் ஆண்டு, பிசிசிஸ்டுகள் 2 பேருக்குத் தலா 4 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது. கம்ப்யூட்டரோடு வந்த கையேட்டில் விளக்கம் போதாது, எச்சரிக்கையும் இல்லை என்று நிபுணர்கள் குறை கூறினார்கள்.

காகிதமும் பென்சிலும்

இதைத் தடுத்திருக்க முடியாதா? முடிந்திருக்கும்! புது வழியை நோயாளியிடம் பயன்படுத்தும் முன்பு சோதித்துப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் சொன்ன நேரத்தைக் கையால் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. காகிதமும் பென்சிலும் எடுத்திருந்தால் இரட்டிப்பு நேரம் அன்றே பல்லை இளித்திருக்கும்.

கூடினால்தான் ஆபத்து என்று இல்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்து ஆஸ்பத்திரியில் 1982-ம் ஆண்டு புதிய பிளானிங் கம்ப்யூட்டர் வந்தது. தூரத்துக்கு ஏற்ற திருத்தத்தைக் கம்ப்யூட்டரே போட்டு விடும். அது தெரியாமல், பழைய வழக்கப்படி ஊழியர்களும் கையால் ஒரு திருத்தம் போட்டார்கள். ஒரே திருத்தம் இரண்டு தடவை! நோயாளிகளுக்கு 5 முதல் 35 சதவீதம் வரை கதிர் குறைந்தது. 1991-ல் வேறொரு கம்ப்யூட்டர் வந்த போதுதான் தப்பு தெரிந்தது. அதற்குள் 1,045 பேரின் கணக்கு பாழ்!

தண்ணீர்த் தொட்டி சோதனை

காய்கறிக் கடைத் தராசுக்கே அதிகாரி வந்து முத்திரை போடுகிறார். உயிர் காக்கும் கம்ப்யூட்டருக்கு முத்திரை வேண்டாமா?

அதற்கும் வழி இருக்கிறது. மனித உடம்பில் பெரும் பகுதி தண்ணீர்தானே! எனவே ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உள்ளே கதிரை அளக்கும் கருவியை வைத்து, மெஷினை ஓட விடுவார்கள். கருவி காட்டும் அளவும், கம்ப்யூட்டர் சொன்ன அளவும் ஒத்துப் போக வேண்டும். சதுரம், நீள் சதுரம், சாய்ந்த கதிர், தடுப்புக் கட்டி வைத்தது, வைக்காதது என்று ஒவ்வொரு விதமாகச் சோதிப்பார்கள். புரோகிராம் மாறினால் மறுபடி சோதனை. ஒவ்வொரு நோயாளியின் கணக்கையும் வேறொருவர் தனியே போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைகளை விவரித்து, 2004-ம் ஆண்டு சர்வதேச அணு சக்தி நிறுவனம் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டது.

கதிர் சிகிச்சைக்குப் போகிறவர்களும், கூடப் போகிற உறவினர்களும் கூச்சப்படாமல் ஒரு கேள்வி கேட்கலாம். "இந்தக் கணக்கை இன்னொருத்தர் சரி பார்த்தாரா சார்?" என்பதே அது. பதில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை.