குரோஷே பூங்கொத்து

குரோஷே பூங்கொத்து என்பது கொக்கி ஊசியால் நூலைப் பின்னிச் செய்த பூக்களையும் இலைகளையும் கம்பித் தண்டுகளில் பொருத்தி ஒன்றாகக் கட்டிய கைவினைப் பொருள் ஆகும். பிறந்தநாள், திருமணம், ஆசிரியர் தினம் போன்ற நாட்களில் பரிசாக வழங்கப்படுகிறது. இதற்கு மணம் இல்லை, ஆனால் வாடாது. குறைந்த முதலீட்டில் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது என்பதால் மாணவிகளும் இல்லத்தரசிகளும் இதைச் சிறு வருமானத்திற்கான தொழிலாகவும் செய்கின்றனர். இக்கட்டுரை பூக்களைப் பின்னும் முறை, அவற்றின் வடிவத்திற்குப் பின்னுள்ள கணக்கு, இந்த உழைப்புக்கு விலை வைக்கும் விதம் ஆகியவற்றை விளக்குகிறது.

பெயரும் வரலாறும்

குரோஷே என்பது கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு நீள ஊசிகள் வேண்டும். குரோஷேவுக்கு நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி போதும். ஒரு கண்ணியை முடித்த பிறகே அடுத்த கண்ணிக்குச் செல்வதால், தவறு நேர்ந்தால் நூலை இழுத்து அவிழ்த்துவிட்டு அந்த இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு இது பெரிய வசதி.

19ஆம் நூற்றாண்டில் இக்கலை ஐரோப்பாவில் பரவியது. அயர்லாந்தில் 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது, பல குடும்பங்களுக்குக் குரோஷே லேஸ் பின்னிக் கிடைத்த கூலியே ஆதாரமாக இருந்தது. ரோஜா, திராட்சைக் கொத்து, மூவிலைத் தழை ஆகியவற்றைத் தனித்தனியே பின்னி, பிறகு வலைப்பின்னலால் இணைப்பது ஐரிஷ் குரோஷேவின் முறை. அடுக்கடுக்காக இதழ்கள் எழும்பி நிற்கும் ஐரிஷ் ரோஜா இன்றும் பின்னப்படுகிறது.

இந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்திலுள்ள நரசாபுரம் குரோஷே லேஸுக்குப் பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ ஊழியர்கள் வழியாக அங்கு வந்த இக்கலை, பிறகு ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. நரசாபுரம் குரோஷே லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தேவையான பொருட்கள்

நூல்: 4 இழை கொண்ட பருத்தி நூல் அல்லது அக்ரிலிக் நூல் ஏற்றது. கடைகளில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அக்ரிலிக்தான். அதில் ஆட்டு ரோமம் இருப்பதில்லை. அக்ரிலிக் விலை குறைவு, நிறங்கள் அதிகம். ஆனால் அது ஒரு வகைப் பிளாஸ்டிக், மண்ணில் மக்காது. பருத்தி நூலில் இதழ்கள் விறைப்பாக நிற்கும்; பின்னிய கண்ணிகளும் தெளிவாகத் தெரியும்.

ஊசி: இந்த நூலுக்கு 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரையுள்ள கொக்கி ஊசி பொருந்தும். சட்டை பின்னுவதற்குப் பயன்படுத்தும் அளவைவிடச் சற்றுச் சிறிய ஊசியை எடுத்தால் பின்னல் நெருக்கமாக அமையும், இதழ் தொங்காது.

மற்றவை: பச்சைக் காகிதம் சுற்றிய பூக்கம்பி, மொட்டை முனையுள்ள பெரிய காதுள்ள தையல் ஊசி, கத்தரிக்கோல், பசை, கட்டுவதற்கு நாடா, சுற்றுவதற்குத் தாள். கட்டட வேலைக்கான கட்டுக்கம்பியைப் பயன்படுத்தினால் நாளடைவில் துருப்பிடித்து வெளிர் நிற நூலில் கறை ஏறும்.

அடிப்படைப் பின்னல்கள்

பூக்கள் பின்ன ஐந்து பின்னல்கள் தெரிந்தால் போதும்.

1. சங்கிலி: ஊசியில் உள்ள கண்ணி வழியாக நூலை ஒருமுறை இழுப்பது. எண்ணும்போது ஊசியில் இருக்கும் கண்ணியைச் சேர்க்கக் கூடாது.
2. ஸ்லிப்: ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலை எடுத்து, இரண்டு கண்ணிகள் வழியாகவும் ஒரே முறையில் இழுப்பது. இணைப்பதற்குப் பயன்படும், உயரம் இல்லை.
3. சிங்கிள்: ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் ஊசியில் 2 கண்ணிகள் இருக்கும். மீண்டும் நூலைச் சுற்றி இரண்டையும் சேர்த்து இழுக்க வேண்டும்.
4. ஹாஃப் டபுள்: முதலில் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நுழைத்து இழுத்தால் 3 கண்ணிகள் இருக்கும். நூலைச் சுற்றி மூன்றையும் ஒரே முறையில் இழுக்க வேண்டும்.
5. டபுள்: ஹாஃப் டபுள் போலவே தொடங்கி, 3 கண்ணிகளில் முதலில் 2 வழியாகவும், மீண்டும் நூலைச் சுற்றி மீதமுள்ள 2 வழியாகவும் இழுக்க வேண்டும்.

இங்கே தந்திருப்பவை அமெரிக்க வழக்கிலுள்ள பெயர்கள். பிரிட்டிஷ் வழக்கில் இதே சிங்கிளை டபுள் என்றும், டபுளை ட்ரெபிள் என்றும் சொல்வார்கள். பழைய பின்னல் புத்தகங்களையும் இன்றைய காணொளிகளையும் சேர்த்துப் பார்த்துக் கற்பவர்களுக்குப் பூவின் அளவு மாறிப்போவதற்கு இதுவே முக்கியக் காரணம். பின்னத் தொடங்குமுன் குறிப்பு எந்த வழக்கில் எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதழின் கணக்கு

ஒரு வட்டத்தை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னும்போது, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கண்ணிகளைக் கூட்ட வேண்டும்? சிங்கிள் பின்னலில் 6 என்பது பொது விதி. இதன் காரணம் பள்ளிக் கணக்கிலேயே உள்ளது.

வட்டத்தின் சுற்றளவு 2πr. ஒரு சுற்று முடிந்ததும் ஆரம் ஒரு கண்ணியின் உயரம் அளவு கூடுகிறது. எனவே சுற்றளவு 2π மடங்கு, அதாவது ஏறத்தாழ 6.28 மடங்கு அந்த உயரம் கூட வேண்டும். சிங்கிள் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஆகவே சுற்றுக்கு 6 கண்ணிகள் கூட்டினால் வட்டம் தட்டையாகப் படியும். டபுள் கண்ணி ஏறத்தாழ இரு மடங்கு உயரம் கொண்டது. அதற்கு 12 கூட்ட வேண்டும்.

இந்த எண்ணிக்கையைவிடக் குறைவாகக் கூட்டினால் பின்னல் கிண்ணம் போல் குவியும். துலிப் பூவுக்கு அது தேவை. அதிகமாகக் கூட்டினால் ஓரம் அலை அலையாக நெளியும். கார்னேஷன், கோழிக்கொண்டை போன்ற பூக்களுக்கு அது தேவை. தட்டையாக வர வேண்டிய பூ குவிந்தாலோ நெளிந்தாலோ கைத்திறனைக் குறை சொல்வதற்குமுன் கண்ணிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணித ஆசிரியர் டைனா டைமினா, 1997இல் இதே முறையைப் பயன்படுத்தினார். சீரான விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், அதிபரவளையத் தளத்தின் மாதிரியைக் குரோஷேவில் செய்தார். காகிதத்தில் செய்தால் எளிதில் கிழிந்துபோகும் மாதிரியை மாணவர்கள் கையில் எடுத்து மடித்துப் பார்க்க அது வழிசெய்தது.

ரோஜா

ரோஜாவை ஒரு நீளப் பட்டையாகப் பின்னிச் சுருட்டுவது எளிய முறை.

அடித்தளம்: 54 சங்கிலி.

முதல் வரிசை: ஊசியிலிருந்து 6ஆவது சங்கிலியில் 1 டபுள், 2 சங்கிலி, 1 டபுள் ஆகியவற்றை ஒரே இடத்தில் போட வேண்டும். இது ஒரு 'வி' வடிவம். பிறகு 2 சங்கிலிகளை விட்டுவிட்டு அடுத்த சங்கிலியில் மீண்டும் ஒரு 'வி'. இப்படியே கடைசிச் சங்கிலி வரை பின்னினால் மொத்தம் 17 'வி' கிடைக்கும்.

இரண்டாம் வரிசை: 3 சங்கிலி போட்டுப் பட்டையைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு 'வி'யின் நடு இடைவெளியிலும் ஓர் இதழ். முதல் 5 இதழ்களுக்கு 5 டபுள் வீதமும், அடுத்த 6 இதழ்களுக்கு 7 டபுள் வீதமும், கடைசி 6 இதழ்களுக்கு 9 டபுள் வீதமும் போட வேண்டும். ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் நடுவே, இரண்டு 'வி'களுக்கு இடையிலுள்ள இடத்தில் 1 சிங்கிள் போட வேண்டும். கடைசி இதழ் முடிந்ததும் ஓரத்தில் ஒரு ஸ்லிப் போட்டு, தைப்பதற்கு ஏறத்தாழ 30 செ.மீ. நூல் விட்டு வெட்ட வேண்டும்.

சிறிய இதழ்கள் உள்ள முனையிலிருந்து பட்டையைச் சுருட்ட வேண்டும். நடு மொட்டை இறுக்கமாகவும் வெளி இதழ்களைத் தளர்வாகவும் சுற்றினால் இயல்பான தோற்றம் வரும். சுருட்டும்போதே அடிப்பகுதியைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க வேண்டும். எல்லாம் சுருட்டிய பின் தைத்தால் நடுப்பகுதி ஊசியில் சிக்காமல் பின்னர் வெளியே நழுவும்.

டெய்சி

நடுப்பகுதி: மஞ்சள் நூலில் 4 சங்கிலி போட்டு ஸ்லிப்பால் வளையமாக்கி, வளையத்திற்குள் 8 சிங்கிள் போட்டு இணைக்க வேண்டும்.

இதழ்: வெள்ளை நூலை ஒரு கண்ணியில் இணைத்து 4 சங்கிலி போட வேண்டும். ஊசியிலிருந்து 2ஆவது சங்கிலியில் 1 சிங்கிள், அடுத்த இரண்டு சங்கிலிகளில் ஒவ்வொன்றிலும் 1 ஹாஃப் டபுள், பிறகு நடுப்பகுதியின் அடுத்த கண்ணியில் 1 ஸ்லிப். இப்படி 8 இதழ்கள் பின்ன வேண்டும்.

இலை

பச்சை நூலில் 11 சங்கிலி. ஊசியிலிருந்து 2ஆவது சங்கிலியில் தொடங்கி, ஒவ்வொரு சங்கிலியிலும் ஒன்றாக 1 ஸ்லிப், 1 சிங்கிள், 1 ஹாஃப் டபுள், 4 டபுள், 1 ஹாஃப் டபுள், 1 சிங்கிள், 1 ஸ்லிப் போட வேண்டும். பிறகு 1 சங்கிலி போட்டு, அதே அடித்தளச் சங்கிலியின் மறுபுறத்தில் இதே வரிசையில் பின்ன வேண்டும். வரிசை இருபுறமும் ஒன்றுபோல் அமைந்திருப்பதால் எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் இலை சமச்சீராக வரும்.

தண்டு பொருத்துதல்

கம்பியின் நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, பூவின் நடுவிலிருந்து கீழ்நோக்கி இழுக்க வேண்டும். கொக்கி இதழ்களுக்குள் மறைந்து பூவைப் பிடித்துக்கொள்ளும். பூவின் அடியில் ஒரு துளி பசை வைத்து, பச்சை நூலைத் தண்டு முழுவதும் இடைவெளியின்றிச் சுற்ற வேண்டும். நடுவில் இலையின் காம்பையும் சேர்த்துச் சுற்றலாம். கம்பியின் கீழ் நுனியை மடித்து அதன்மேல் நூலைச் சுற்றி முடிப்பது அவசியம். கூரிய நுனி நூலைத் துளைத்து வெளிவந்து கையைக் கிழிக்கும். சூடான பசைத் துப்பாக்கியை மாணவர்கள் பெரியவர்கள் உடனிருக்கும்போது மட்டுமே கையாள வேண்டும்.

கொத்தாகக் கட்டுதல்

பெரிய பூ ஒன்றை நடுவில் நிறுத்தி, மற்றத் தண்டுகளை ஒரே பக்கமாகச் சாய்த்து, கொத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பியபடி சேர்க்க வேண்டும். தண்டுகள் ஒரு புள்ளியில் குறுக்கிட்டுச் சுருள் போல் அமையும்; பூக்கள் ஒன்றையொன்று நசுக்காமல் விரிந்து நிற்கும். குறுக்கிடும் இடத்தில் நூலால் இறுகக் கட்டி, தாள் சுற்றி, நாடாவால் முடிச்சிடலாம். பெரிய பூக்கள் சற்று உயரமாகவும் சிறிய பூக்களும் இலைகளும் ஓரத்தில் தாழ்வாகவும் இருந்தால் கொத்து நிறைவாகத் தெரியும்.

பராமரிப்பு

தூசியே இதன் முதல் எதிரி. வாரம் ஒருமுறை மென்மையான தூரிகையால் துடைக்கலாம். கம்பி உள்ளதால் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. அழுக்கான இதழை மட்டும் சோப்பு நீரில் நனைத்த துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்த வேண்டும். நேரடி வெயிலில் நிறம் மங்கும். கம்பி இருப்பதால் சிறு குழந்தைகளுக்கு விளையாடக் கொடுப்பது பாதுகாப்பானதல்ல. பல மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பூங்கொத்துகளை அனுமதிப்பதில்லை. நூல் பூவும் தூசி சேர்ப்பதால் செவிலியரிடம் கேட்டுவிட்டுக் கொண்டுசெல்வதே முறை.

உழைப்பும் விலையும்

ஸ்வெட்டர் பின்னலுக்கு இயந்திரங்கள் உண்டு. ஆனால் உண்மையான குரோஷே இன்றளவும் கையால்தான் பின்னப்படுகிறது. கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் குரோஷே பூவும் ஒருவர் உட்கார்ந்து பின்னியதே. விலை குறைவென்றால் பெரும்பாலும் குறைந்தது அவருடைய கூலிதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 7 ரோஜா, 6 டெய்சி, 10 இலை கொண்ட ஒரு கொத்து. பழகிய கைக்கு ஒரு ரோஜாவுக்கு 40 நிமிடம், டெய்சிக்கு 20, இலைக்கு 10, தண்டு சுற்றிக் கட்ட 60 நிமிடம் ஆகும் என்று கொள்வோம். 280 + 120 + 100 + 60 = 560 நிமிடம். அதாவது 9 மணி 20 நிமிடம். நிமிடத்திற்கு 1 ரூபாய் மட்டும் கூலி வைத்தாலும் 560 ரூபாய். நூல், கம்பி, தாள் ஆகியவற்றுக்கு 250 ரூபாய் ஆனால் அடக்க விலை 810 ரூபாய். இதே கொத்தை 400 ரூபாய்க்குக் கொடுத்தால், பொருள் செலவு போக மிஞ்சுவது 150 ரூபாய். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 16 ரூபாய்தான் கிடைக்கும்.

'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதுதானே' என்ற எண்ணமே இப்படி விலை வைக்கத் தூண்டுகிறது. நரசாபுரத்து லேஸ் தொழிலாளர்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் எழுதிய ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்கள் தொழிலாளர்களாக அல்ல, ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டதையும், அதனால் கூலி மிகக் குறைவாக இருந்ததையும் அந்நூல் காட்டியது.

ஆகவே விற்பனைக்காகப் பின்னத் தொடங்குவோர் முதல் பூவிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். பொருள் செலவு, நேரம், கூலி மூன்றையும் தனித்தனியே எழுதினால் விலையைத் தயக்கமின்றிச் சொல்ல முடியும். வாங்குபவர் விலை அதிகம் என்றால், பூக்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் சிறிய கொத்தாகத் தரலாம். கூலியைக் குறைக்க வேண்டியதில்லை. பரிசாகப் பெறுபவருக்கும் ஒரு வார்த்தை: அந்த ஒரு கொத்தில் ஒருவருடைய ஒரு முழு நாள் இருக்கிறது.