பாட்டியின் பாட்டு... பேரனின் மேடை! அரக்கோணம் அறிவு கடந்துவந்த பாதை

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில் செல்போன் சிக்னல் கண்ணாமூச்சி ஆடும். ஒரு வளைவில் இரண்டு கோடு தெரியும். அடுத்த வளைவில் அதுவும் காணாமல் போய்விடும். ஆனால், பாட்டு மட்டும் நிற்காது. முன்கூட்டியே போனில் ஏற்றிவைத்த பாடல்கள் இருக்கின்றனவே!

ஜவ்வாது மலையின் மையமான இந்த ஊரில் சாமை, தேன், புளி, பலா எல்லாம் தலைச்சுமையாகக் கீழே இறங்குகின்றன. கீழேயிருந்து மேலே ஏறிவருவதில் முக்கியமானது சினிமாப் பாட்டு. பள்ளி ஆண்டுவிழா என்றாலும், அரசு நடத்தும் கோடை விழா என்றாலும் மேடையில் பிள்ளைகள் ஆடுவது அந்தப் பாட்டுக்குத்தான். அந்த வரிசையில் 2021-க்குப் பிறகு தமிழ்நாட்டின் எந்த ஊர் மேடையிலும் தவறாமல் ஒலித்த பாடல் ஒன்று உண்டு. அது சினிமாவில் வந்த பாடல் கிடையாது. அரக்கோணத்து இளைஞர் ஒருவர் தன் பாட்டியின் கதையை வைத்து எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி'.

அந்த இளைஞர் அறிவு. பாட்டெழுதுபவராகத் தொடங்கி, குழுவில் ஒருவராக நின்று, இன்று தனக்கென ஓர் இசைக்குழுவையே கட்டியிருப்பவர்.

ஜப்பானில் ஒரு பாட்டெழுத்தாளர்

பாட்டு எழுதுகிறவரே குழுவையும் உருவாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. யசுஷி அகிமோட்டோ, 1958-ல் டோக்கியோவில் பிறந்தவர். அடிப்படையில் பாடலாசிரியர். ஜப்பானியர்கள் கொண்டாடும் பாடகி மிசோரா ஹிபாரிக்கு, அவருடைய இறுதிக்காலத்தில் 1989-ல் வெளியான புகழ்பெற்ற பாடலை எழுதியவர் இவர்தான்.

2005 டிசம்பரில் டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில், 250 பேர் உட்காரும் ஒரு சிறிய அரங்கத்தில் 'ஏ.கே.பி.48' என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினார். முதல் நாள் காசு கொடுத்து வந்த பொதுமக்கள் ஏழே பேர் என்பார்கள். 'நேரில் சந்திக்கக்கூடிய நட்சத்திரங்கள்' என்பதுதான் அவருடைய யோசனை. சி.டி வாங்கினால் கைகுலுக்கச் சீட்டு, யார் முன்வரிசையில் நிற்பது என்று ரசிகர்களே வாக்களிக்கும் தேர்தல் என வியாபாரம் எங்கோ போய்விட்டது. ஜகார்த்தா, பாங்காக் என்று கிளைகள் விரிந்தன. மும்பைக்கும் டெல்லிக்கும்கூட 2019-ல் திட்டம் போட்டார்கள். ஆனால், அது நிலைக்கவில்லை.

அங்கே குழுவில் பெண்கள் வருவார்கள், போவார்கள். எழுதியவர் பெயர் மட்டும் மாறாது. கரோக்கி கடையில் யாரோ ஒருவர் மைக் பிடித்துப் பாடினாலும், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு போய்ச்சேர ஜப்பானில் ஓர் அமைப்பு வசூலித்துக் கொடுக்கிறது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரக்கோணத்துப் பையன்

அறிவின் இயற்பெயர் அறிவரசு. பெற்றோர் ஆசிரியர்கள். பொறியியல் படித்தார், எம்.பி.ஏ முடித்தார். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பலரையும்போல அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கச் சென்னைக்கு வந்தார். கூடவே கவிதையும் பாட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.

பாட்டி வள்ளியம்மாள்தான் அவருக்கு முதல் பாட்டு வாத்தியார். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர் அவர். 1964-ல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. தலைமுறை தலைமுறையாகக் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்களிடம் யாரும் கருத்து கேட்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, பார்த்தே இராத ஊருக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏராளம்.

நட்டது ஒருவர், நிழல் இன்னொருவருக்கு என்ற அந்த வலி, பாட்டியின் பேச்சிலும் ஒப்பாரியிலும் இருந்தது. பேரன் அதைக் கேட்டு வளர்ந்தார்.

நூற்றைம்பது பேரில் ஒருவர்

2017-ல் இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ஒரு குரல் தேர்வு நடத்தினார்கள். கானா, ராப், பறை என்று ஆளுக்கொரு பாணியோடு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். தேர்வானவர்கள் 19 பேர். அவர்களில் அறிவும் ஒருவர்.

குழுவுக்கு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர் வைத்தார்கள். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது 'சாதியற்றவர்கள்' என்று பதிவுசெய்யுங்கள் என ஒடுக்கப்பட்ட மக்களிடம் சொன்ன அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து எடுத்த பெயர் அது.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. சாவு வீட்டு வாசலில் மட்டும் பாடவேண்டியது என்று பலர் ஒதுக்கிவைத்திருந்த கானா, அன்று கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கிடாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் நின்றது. ராயபுரத்து இசைவாணி, ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவைப் பெண் குரலில் பாடினார். பின்னாளில், பி.பி.சி-யின் 2020-ம் ஆண்டுக்கான 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

ஜப்பான் குழுவுக்கும் இதற்கும் ஒற்றுமை, குரல் தேர்வோடு முடிந்துவிடுகிறது. அங்கே பெண்களைத் தேர்ந்தெடுத்து, எழுதி வைத்த பாட்டைக் கொடுத்தார்கள். இங்கே வந்தவர்கள் தங்கள் தெருவின் பாட்டைக் கையோடு கொண்டுவந்தார்கள். அதை மேடைக்கு ஏற்றபடி கோத்துக் கொடுப்பதுதான் டென்மாவின் வேலையாக இருந்தது.

தெருவிலிருந்து திரைக்கு

அதே 2018-ல், ரஜினி நடித்த 'காலா' படத்தில் அறிவு எழுதிய பாடல் இடம்பெற்றது. சினிமாவில் நுழைந்துவிட்டால் அங்கேயே தங்கிவிடுவதுதான் வழக்கம். அறிவு அப்படிச் செய்யவில்லை. 2019-ல் ஆஃப்ரோ என்ற இசைக்கலைஞருடன் சேர்ந்து 'தெருக்குரல்' என்ற தனி ஆல்பத்தை வெளியிட்டார். தலைப்பிலேயே திருக்குறளோடு ஒரு செல்ல விளையாட்டு.

2021-ல் விஜய்யின் 'மாஸ்டர்' படத்தில் 'வாத்தி ரெய்டு' பாடி, குழந்தைகள் வரை போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு மார்ச்சில் வந்ததுதான் 'எஞ்சாயி எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், தீயுடன் சேர்ந்து அறிவு பாடினார். சில மாதங்களுக்குள் யூடியூபில் கோடிக்கணக்கான பார்வைகள். மொழி தெரியாதவர்களும் ஆடினார்கள்.

துள்ளலான மெட்டில், நிலமில்லாமல் போன உழைப்பாளியின் கதை. 'என் சாமி' என்று பேரப்பிள்ளையைக் கொஞ்சும் பாட்டியின் அழைப்புதான் பாட்டின் பெயரிலும் ஒளிந்திருக்கிறது. வீடியோவில் வள்ளியம்மாளே ராணிபோல் அமர்ந்திருந்தார்.

அட்டையில் இல்லாத முகம்

புகழோடு சிக்கலும் வந்தது. 2021 ஆகஸ்ட்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், கனடாவில் வாழும் தமிழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள். 'எஞ்சாயி எஞ்சாமி', 'சார்பட்டா பரம்பரை'யின் 'நீயே ஒளி' ஆகிய பாடல்களின் வெற்றியை ஒட்டி வந்த அட்டை அது. இரண்டு பாடல்களின் எழுத்திலும் பங்கிருந்த அறிவின் முகம் அதில் இல்லை. பா.இரஞ்சித் உள்ளிட்ட பலர் கேள்வி எழுப்பினார்கள். பிறகு, அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டையை வெளியிட்டது அந்த இதழ்.

அடுத்த ஆண்டு சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. உலக நாடுகளின் வீரர்கள் முன்னிலையில் அதே பாடல் அரங்கேறியது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு மேடையில் இல்லை. அப்போது அவர் வெளிநாட்டில் இருந்தார். சில நாள்களில், அந்தப் பாடலை இசையமைத்து எழுதிப் பாடியது தான்தான் என்று சமூக வலைதளத்தில் அவர் வேதனையோடு எழுதினார். பாடல் கூட்டு உழைப்பில் உருவானது, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் தந்தார். 2024 மார்ச்சில் அவரே, இந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று சொன்னபோது ரசிகர்கள் திகைத்துப்போனார்கள்.

யார் சொல்வது சரி என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஊரே ஆடிய ஒரு பாட்டு, அதைச் செய்தவர்களுக்குக் காசையும் தரவில்லை, மனநிம்மதியையும் தரவில்லை. கரோக்கி கடையில் பாடினாலும் பங்கு போகும் ஜப்பானை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்கிறது. தியேட்டரில் படத்தோடு ஓடும்போது தவிர, மற்ற இடங்களில் பாட்டு ஒலித்தால் அவர்களுக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பங்கு கைக்கு வர, பாட்டு வெளியாகும்போதே யார் என்ன செய்தார்கள் என்பது தெளிவாகப் பதிவாகியிருக்க வேண்டும்.

வள்ளியம்மா பேராண்டி

அறிவு சோர்ந்து உட்காரவில்லை. 'அம்பசா' என்ற பெயரில் தனக்கென ஓர் இசைக்குழுவை உருவாக்கினார். பத்தொன்பது பேரில் ஒருவராக நின்றவர், இப்போது மற்றவர்களுக்கு மேடை அமைத்துத் தருகிறார். 2024-ல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற ஆல்பம் வந்தது. அட்டையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்ற கேள்வியே இனி எழ முடியாது. பாட்டியின் பெயரையே தலைப்பாக்கிவிட்டார் பேரன்!

மலையில் என்ன இருக்கிறது?

இந்தக் கதை ஜமுனாமரத்தூருக்கு எதற்கு என்று தோன்றலாம். ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழும் பழங்குடி மக்களை 'மலையாளி' என்று அழைக்கிறோம். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர்கள் என்பது பொருள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது, தலைமுறைகளாக அவர்கள் சொல்லிவரும் வாய்மொழிக் கதை.

இடம்பெயர்ந்த கதையை எழுத்தில் வைக்காதவர்கள், பேச்சிலும் பாட்டிலும்தான் பத்திரப்படுத்துவார்கள். வள்ளியம்மாள் செய்ததும் அதுதான். மலைக் கிராமங்களிலும் நடவுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பாட்டு தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோ உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்துவிட்டு, வேலைக்காகத் திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் சென்னைக்கும் இறங்குகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை பாட்டிகள் காத்திருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது.

ஒரு பாட்டைக் காப்பாற்ற இன்றைக்கு ஸ்டூடியோ தேவையில்லை. சிக்னலே இல்லாத இடத்திலும் போனில் ஒலிப்பதிவு வேலை செய்யும். பாடியவர் யார், எந்த ஊர், எந்தச் சடங்குக்கான பாட்டு, யாரிடம் கற்றுக்கொண்டது, என்றைக்குப் பதிவானது... இந்த ஐந்தையும் பாட்டின் தொடக்கத்தில் பாடுகிறவரே சொல்லும்படி பதிவுசெய்துவிட்டால் போதும். பிறகு அந்தப் பாட்டு எந்த மேடைக்குப் போனாலும், 'நாட்டுப்புறப் பாடல்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் அந்தப் பெயரை மறைத்துவிடுவது கடினம்.

இதே மலைத்தொடரின் காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எத்தனையோ ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதற்கெல்லாம் பெயரும் எண்ணும் கொடுத்துக் குறித்துவைக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து சாமை புடைத்தபடி பாடும் பாட்டியின் பெயரைக் குறித்துக்கொள்ள அவ்வளவு பெரிய கருவி வேண்டாம். அடுத்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பேரப்பிள்ளைகள் போனை அவர் பக்கம் திருப்பினால் போதும்!